தீசிஸின் கடைசிப் பதினோரு நாட்கள்

(போன மாதம் நம் இணையவழிக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் எடுத்திருக்கிறேன்.)



"படிப்பும் மன அழுத்தமும்" பற்றிப் பேசச் சொன்னாங்க. மூச்சுப் பயிற்சி, தூக்கம், தண்ணீர் குடிப்பது பற்றியெல்லாம் சொல்ல என்னைவிடத் தகுதியானவங்க இருக்காங்க. எனக்கு நடந்த ஒரு பதினோரு நாள் கதையைச் சொல்றேன். எம்.எஸ்சி. ஆய்வேடு சமர்ப்பிக்க முன்னாடி வந்த கடைசிப் பதினோரு நாள். சில பெயர்களைச் சொல்ல மாட்டேன். நான் இப்போ பிஎச்டிக்காக வேற நாட்டுக்கு வந்துட்டேன், ஆனா அப்பா இன்னும் அங்கேதான் வேலை பாக்குறார். அது போதுமான காரணம்னு நினைக்கிறேன்.

நான் பிறந்தது ஷார்ஜாவில். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அமீரகத்தில் பிறந்தாலும் வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். பிறந்த ஊரில் இருப்பதற்கே விசா வேணும். மகளா இருந்தா திருமணம் ஆகும்வரை அப்பாவின் விசாவில் இருக்கலாம். மகனுக்கு 25 வயது வரைதான். 2022க்கு முன்னாடி அதுவும் இல்லை, 18 வயது, படிச்சுக்கிட்டிருந்தா 21. எனக்கு ஜூனில் 25 முடியுது. தீசிஸ் கெடு மே மாதக் கடைசி. முடித்தால் வெளியே வாய்ப்பு இருக்கு. முடிக்கலைன்னா இன்னொரு செமஸ்டர் கட்டணம், மாணவர் விசாவுக்குத் தனிச் செலவு. அப்பா ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அந்தக் கட்டணம் எங்கிருந்து வரும்னு எங்க வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கலை. கேட்காததுதான் அதிகமா அழுத்துச்சு.

என் ஆய்வு வெப்பம் பற்றியது. வெயிலில் வேலை செய்றவங்களுக்கு எவ்வளவு சூடு ஆபத்துன்னு சொல்ல, சாதாரண வெப்பமானி போதாது. 42 டிகிரி வறண்ட காற்றில் வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும். 36 டிகிரியே ஆனாலும் கடல் ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை வழியும், ஆவியாகாது, உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. அதனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் ஒன்று, சாதாரணமாகக் காற்றை அளப்பது ஒன்று என்று மூன்றையும் சேர்த்து ஓர் அளவு வெச்சிருக்காங்க. டபிள்யூ.பி.ஜி.டி.ன்னு சொல்வாங்க. ஈரத்துக்கு 70 சதவீதம், கோளத்துக்கு 20, காற்றுக்கு 10 என்று எடை. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் சிப்பாய்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததால் உண்டான கணக்கு இது. ராணுவத்துக்காக வந்தது, இப்போ கட்டுமானத் தொழிலாளிக்குத்தான் அதிகம் தேவைப்படுது.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதுன்னு விதி. கத்தாரில் 2021லிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3:30 வரை. அதோட, மணி எத்தனையா இருந்தாலும் டபிள்யூ.பி.ஜி.டி. 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்தணும். குவைத்தில் 11 முதல் 4. ஒரே கடல், ஏறக்குறைய ஒரே வெயில், விதி மட்டும் ஊருக்கு ஊர் வேற. இந்தக் கடிகார விதி நிஜமான சூட்டோடு எவ்வளவு பொருந்துதுங்கறதுதான் என் கேள்வி. ஒரு கட்டுமான சைட்டில் ஒரு கருவி, எங்க பல்கலைக்கழக மொட்டைமாடியில் ஒரு கருவி. ஒரு கோடை முழுக்க ஓடவிட்டேன். சைட்டுக்குள் விட்ட கம்பெனி இரண்டு நிபந்தனை போட்டுச்சு. பெயரும் இடமும் அடையாளம் தெரியக்கூடாது. சமர்ப்பிக்கும் முன் ஆய்வேட்டை அவங்க பார்க்கணும். அங்கே எடுத்த எண்களை இன்று உங்களிடமும் சொல்ல முடியாதது அதனாலதான்.

பதினோரு நாள் மிச்சம் இருக்கும்போது என் நிலைமை நல்லாவே இருந்தது. ஐந்து அத்தியாயமும் எழுதியாச்சு. முடிவும் எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி. மதிய இடைவேளை, நாளின் மிகக் கடுமையான நேரத்தைச் சரியாக மூடுகிறது, விதி பொருத்தமானது, அமலாக்கத்தைக் கூட்டினால் போதும். கம்பெனியின் சேஃப்டி ஆபீசருக்குச் சந்தோஷம். என் சூப்பர்வைசர் மேமுக்கும் ஆட்சேபம் இல்லை. எனக்கும் நிம்மதி.

ஒரே ஒரு நெருடல். வெயிலை வாங்கும் கறுப்புக் கோளம் மொட்டைமாடியில் உச்சி நேரத்தில் உச்சத்துக்குப் போகுது. சைட்டில் அதே உச்சம் ஒன்றரை மணி நேரம் கழிச்சு வருது. இதுக்கு நான் ஒரு விளக்கம் எழுதியிருந்தேன். கான்கிரீட்டும் இரும்பும் சூட்டை வாங்கி மெதுவாக வெளியிடுவதால் ஏற்படும் தாமதம்னு. பெரிய வார்த்தைகளோட நாலு வரி, இரண்டு மேற்கோள். யாரும் கேள்வி கேட்கலை. ஒரு தவறைக்கூட அறிவியல் மொழியில் எழுதிட்டா எவ்வளவு கம்பீரமா இருக்குன்னு பிறகுதான் புரிஞ்சது.

இன்னொரு விஷயமும் இருந்தது. கருவியை வைக்கும்போது அந்த சைட்டில் கம்பி கட்டுற வேலை செய்யும் ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர் பழக்கமானார். நோட்டில் அவர் சொன்னதை எழுதி வெச்சிருந்தேன். "பதினொண்ணுலேருந்து பன்னெண்டரை வரைக்கும்தான் தம்பி உசுரு போகும். அதுக்கப்புறம்தான் உக்காந்துர்றோமே." பக்கத்தில் நானே பென்சிலில் குறிச்சிருந்தேன்: "தரவோடு பொருந்தவில்லை." தன் உடம்பைப் பற்றி அவர் சொன்னதைவிட என் கோப்பை நம்பினேன்.

ஏழாவது நாள் இரவு. வரைபடங்களில் எழுத்தளவு சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இரண்டு நாளா சரியான தூக்கம் இல்லை. லேபில் ஏசி 21 டிகிரி. ஜெர்க்கின் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெப்பத்தைப் பற்றி எழுதினேன், இதையும் நீங்க குறிச்சுக்கணும். அப்போ ஒரு படத்தின் இடது ஓரம் கண்ணில் பட்டது. சைட்டில் கறுப்புக் கோளம் காலை ஏழு மணிக்கு மேலதான் சூடேறத் தொடங்குது. ஜூலையில் அங்கே சூரியன் உதிப்பது ஆறு மணிக்கு முன்னாடியே. கான்கிரீட் சூட்டைத் தாமதப்படுத்தலாம். சூரிய உதயத்தைத் தாமதப்படுத்தாது.

உட்கார்ந்த இடத்திலேயே கை குளிர்ந்துபோச்சு. பத்து நிமிஷத்தில் காரணம் தெரிஞ்சது. மொட்டைமாடிக் கருவியை லேப் கம்ப்யூட்டரில் இணைச்சுத் தொடங்கியிருந்தேன். சைட் கருவியை என் லேப்டாப்பில். அந்த லேப்டாப் தூத்துக்குடியில் மாமா வாங்கிக் கொடுத்தது. அதில் கடிகாரம் எப்பவும் இந்திய நேரம். வளைகுடாவில் வளர்ந்தவங்களுக்கு இது புரியும். எங்க வீட்டுச் சுவரிலேயே இரண்டு கடிகாரம் உண்டு, ஊருக்குப் போன் பண்ண வசதியா இருக்கும்னு. இந்திய நேரம் அமீரக நேரத்துக்கு ஒன்றரை மணி முந்தி. கருவி எந்தக் கம்ப்யூட்டரில் தொடங்கப்படுதோ அதன் நேரத்தை எடுத்துக்கும். ஒரு கோடை முழுக்க சைட்டில் எடுத்த ஒவ்வோர் அளவும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருந்தது.

இதன் அர்த்தத்தைப் பாருங்க. காலை 11 மணிக்கு எடுத்த அளவு என் கோப்பில் 12:30. பகல் 12:30க்கு எடுத்தது 2 மணி. ஜூன், ஜூலையில் துபாய், ஷார்ஜாப் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12:20க்கு. அந்த உச்சிவெயில், ஆட்கள் கம்பி மேல நின்ன நேரம், என் கோப்பில் இடைவேளைக்குள்ளே போய் ஒளிஞ்சிருந்தது. இடைவேளைக்கு முந்திய வேலை நேரம்னு நான் காட்டியது உண்மையில் காலை ஒன்பதரை முதல் பதினொண்ணு வரை. அது லேசா இருக்கத்தானே செய்யும். விதி கச்சிதமாப் பொருந்துதுன்னு நான் எழுதினது, என் லேப்டாப் ஊர் நேரத்தில் ஓடினதாலதான்.

பிற்பகல் இடைவேளை தேவையில்லைன்னு நான் சொல்லலை. காற்றின் சூடு பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் உச்சம், அந்த நிறுத்தம் கட்டாயம் வேணும். அதற்கு முந்திய ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுறேன். கத்தாரும் குவைத்தும் அந்த நேரத்தை மூடியிருக்கு. அமீரக விதி மூடலை.

அந்த இரவு எனக்குள் என்ன ஓடுச்சுன்னு ஒளிக்காமச் சொல்றேன். முதலில் வந்தது அறிவியல் நேர்மை இல்லை. "யாருக்கும் தெரியாது." இதுதான் முதலில் வந்தது. தேர்வாளர்கள் படத்தின் இடது ஓரத்தைப் பார்க்கப் போறதில்லை. மேம் ஏற்கனவே சரின்னு சொல்லிட்டாங்க. கம்பெனி சந்தோஷமா இருக்கு. விசா 25 வயது வரை. இத்தனை பேரும் சரின்னு சொல்ற ஒரு தவறை நான் மட்டும் ஏன் கிளறணும்? விடிகாலை மூணு மணிக்கு இந்தக் கேள்வி ரொம்ப நியாயமாத் தெரியும்.

இரண்டாவதா வந்தது பயம். 2018 மே மாதம், பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழக பிஎச்டி மாணவர் மத்தேயு ஹெட்ஜஸ், களஆய்வை முடிச்சுட்டுக் கிளம்பும்போது துபாய் விமான நிலையத்தில் கைதானார். உளவு பார்த்தார்னு அரசு சொன்னது, அவர் மறுத்தார். நவம்பரில் ஆயுள் தண்டனை, சில நாளிலேயே மன்னிப்பு, விடுதலை. அவர் ஆய்வு பாதுகாப்புக் கொள்கை பற்றியது. என்னுடையது வெப்பமானி. அவர் பின்னால் பிரிட்டிஷ் அரசு நின்னுச்சு. எனக்கு அப்படி எதுவும் நடந்திருக்கும்னு சொல்ல வரலை. நடக்கவே வேண்டாம். அப்படி ஒரு செய்தியைக் கேட்டு வளர்ந்தவங்க, வாக்கியத்தை எழுதும் முன்னாடியே மனசுக்குள் வெட்டிடுவாங்க. எங்க வீட்டில் அரசியல் பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. அந்தப் பழக்கம் தீசிஸ் எழுதும்போதும் கூடவே வரும்.

மூன்றாவதா நினைவுக்கு வந்தது, நானே இரண்டாம் அத்தியாயத்தில் சுருக்கி எழுதியிருந்த ஓர் ஆய்வு. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019ல் வெளியானது. இதயக் கோளாறுன்னு பதிவான 571 மரணங்களில் 200 வரை வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்னு அதில் கணக்கிட்டிருந்தாங்க. பெரும்பாலும் இளைஞர்கள். அதை எழுதும்போது எனக்கு அது ஒரு மேற்கோள். அந்த இரவுதான் கணக்குப் போட்டேன். என்னுடைய ஒன்றரை மணி நேரத்தையும் நாளைக்கு யாராவது இப்படி ஒரு வரியில் மேற்கோள் காட்டுவாங்க. "இடைவேளை பொருத்தமானது" அப்படின்னு.

காலையில் முதலில் அப்பாகிட்டதான் சொன்னேன். விஷயத்தை முழுசா விளக்கலை, தரவில் நேரம் தவறாப் போச்சு, திருத்தினா கெடு தாண்டலாம்னு மட்டும் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே சொன்னார்: "ரேக்குல ஒரு போல்ட் கணக்கு இடிச்சா, அந்த ரேக்கை முழுசா இறக்கி எண்ணணும். இல்லைன்னா வருஷக் கடைசியில நம்ம தலையில விழும். விசாவைப் பாத்துக்கலாம்." பாத்துக்கலாம்னு அவர் சொல்லும்போது கையில் ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார்.

மேமிடம் போனேன். அவங்க கொஞ்ச நேரம் பேசலை. பிறகு இரண்டு வழி சொன்னாங்க. ஒரு செமஸ்டர் நீட்டிப்பு கேள், அல்லது சைட் தரவையே தூக்கிட்டு மொட்டைமாடியை மட்டும் வெச்சு முடி. மூன்றாவது வழி, ஆறு நாளில் எல்லாவற்றையும் திருத்துறது. அதுக்கு வெறும் ஒன்றரை மணியைக் கழிச்சா போதாது, தவறு இதுதான்னு நிரூபிக்கணும். இல்லைன்னா நமக்கு வேண்டிய முடிவுக்காக நேரத்தை நகர்த்தினோம்னு சொல்லிடலாம். கதவு வரை வந்து, "தனியாச் செய்யாதே"ன்னு சொன்னாங்க. எனக்குக் கிடைச்ச நல்ல அறிவுரை அது.

இங்கேதான் நம்ம தலைப்புக்கு வர்றேன். 2018ல் வெளியான ஓர் ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களைக் கேட்டாங்க. பெரும்பாலானவங்க பிஎச்டி மாணவர்கள். 39 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு. பொது மக்களில் அது சுமார் 6 சதவீதம். இதைப் பார்த்துட்டு நிறுவனங்கள் நமக்கு மனநலப் பயிலரங்கு நடத்துறாங்க. வேண்டாம்னு சொல்லலை, மருத்துவர் தேவைப்பட்டா வெட்கப்படாமப் போங்க. ஆனா நூற்றுக்கு 39 பேருக்கு வருது என்றால் அதை ஒவ்வொருத்தருடைய தனிப்பட்ட பலவீனம்னு சொல்ல முடியாது. கட்டணம், விசா, கெடு, ஒரே ஒருத்தரின் கையெழுத்தில் தொங்கும் எதிர்காலம், இதெல்லாம் சேர்ந்து செய்யுது. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உட்பட 48,000 கல்விசார் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சு, ஆறு வாரத்தில் ஊதிய உயர்வோட முடிச்சாங்க. நாம செய்றது வேலை, நாம தொழிலாளர்னு அவங்களால் சொல்ல முடிஞ்சது. அமீரகத்தில் தொழிற்சங்கமே கிடையாது, வேலைநிறுத்தத்துக்கும் தடை. கம்பி கட்டுற அண்ணனுக்கே இல்லாதது எனக்கு எங்கிருந்து வரும்?

அதனால நாங்க செஞ்சது சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் நாலு பேர். ஒரு மலையாளித் தோழி, ஒரு பாகிஸ்தான் நண்பன், ஒரு எகிப்தியத் தோழி, நான். ஷிஃப்ட் போட்டோம். தோழி என் கணக்கு நிரலை வரிவரியாகப் படிச்சாள். நண்பன் வரைபடங்களை மறுபடி வரைஞ்சான், மொத்தம் பதினேழு. எகிப்தியத் தோழி மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்தாள். நிரூபணம் இப்படி வந்தது. புழுதிக்காற்று அடிச்ச ஒரு நாள், வானம் மங்கி இரண்டு இடத்திலும் கறுப்புக் கோளம் ஒரே நேரத்தில் குளிர்ந்திருக்கணும். என் கோப்பில் ஒன்றரை மணி இடைவெளி. இரண்டு கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினோம். 90 நிமிஷத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கிச்சு. அந்த நாள் மட்டுமில்லை, கோடை முழுக்க. இரவு ஒரு மணிக்கு நாலு பேரும் கத்தினதில் செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்துட்டார்.

அந்த வாரம் அம்மா பெரியம்மாவோட பேசும்போது ஸ்பீக்கரில் என்னையும் பேசச் சொன்னாங்க. பெரியம்மா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை செஞ்சவங்க. ஆய்வு எதைப் பற்றின்னு கேட்டாங்க, சொன்னேன். "இதுக்கா ரெண்டு வருசம் படிச்ச? விடியுமுன்ன பாத்தியில இறங்கிரணும்ல, வெயிலு ஏறுனா கரையேறிரணும். எங்களுக்குக் கடிகாரமா பாத்து சொன்னாங்க?"ன்னு சிரிச்சாங்க. சிரிக்கிற விஷயம் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செஞ்சாங்க. பெரும்பாலானவங்க பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய சூட்டில் வேலை செய்றாங்க, சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைஞ்சிருக்குன்னு கண்டாங்க. வெயில் ஏறுமுன் கரையேறணும்னு தெரிஞ்சிருந்தும், கூலிக்கணக்கு ஏற விடாது. தொழிலாளிக்கு அறிவு இல்லாம இல்லை. நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம்தான் அவங்க கையில் இல்லை. உப்பளத்திலும் சைட்டிலும் அதேதான்.

திருத்திய ஆய்வேட்டைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாடி கம்பெனிக்கு அனுப்பினேன். மறுநாள் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டார். மரியாதையாத்தான் பேசினார். படங்கள் இருக்கட்டும், "இடைவேளை 11 மணிக்கே தொடங்க வேண்டும்" என்ற பரிந்துரை வேண்டாம், இல்லைன்னா அனுமதிக் கடிதத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்னார். கடிதம் போனா தரவு போகும். தரவு போனா தீசிஸ் போகும்.

எடுத்தேன். பரிந்துரையை எடுத்தேன். நான் போராடி வென்றேன்னு சொல்ல இங்கே வரலை. ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமா இருந்தேன். ஒவ்வொரு வரைபடத்திலும் 12:30 முதல் 3 வரை சாம்பல் நிறப் பட்டை இருக்கணும், அதன் இடது பக்கம் என்ன நடக்குதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். கூடவே கத்தார், குவைத் விதிகளையும் ஓர் அட்டவணையில் போட்டேன், வெறும் தகவலா. நேரக் கோளாறு எப்படி நடந்தது, எப்படித் திருத்தினோம்னு இரண்டு பக்கம் முழுசா எழுதினேன். "தரவோடு பொருந்தவில்லை"ன்னு நான் ஒதுக்கின கூற்றுதான் சரின்னும் எழுதினேன், பெயர் இல்லாமல். உங்களில் சிலருக்கு இது சமரசம். ஆமா, சமரசம்தான். அந்தப் பரிந்துரை என் தீசிஸில் இல்லை. அதனாலதான் இன்று உங்க முன்னாடி சத்தமாச் சொல்றேன்: இடைவேளை 11 மணிக்காவது தொடங்கணும், கடிகாரத்தோட அளவீடும் சேர்ந்து விதியாகணும்.

கெடு நாளில் மாலை நாலு மணிக்குப் பதிவேற்றினேன். கொண்டாட்டம் எதுவும் இல்லை, வீட்டுக்குப் போய்ப் பதினாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் ராமநாதபுரத்து அண்ணனுக்கு ஒரு வரைபடத்தையும் ஒரு வாய்ஸ் மெசேஜையும் அனுப்பினேன். நீங்க சொன்னது சரி, நான்தான் தவறா நினைச்சுட்டேன்னு. அவர் பதில் இரவு ஷிஃப்ட் பஸ்ஸின் சத்தத்துக்கு நடுவே வந்தது. "இதைத்தானே தம்பி அப்பவே சொன்னேன். சரி, எங்க ஃபோர்மேன்கிட்ட இதைக் காட்டலாமா? மலையாளத்தில இருந்தா நல்லாருக்கும்."

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. 94 பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் கேட்டது ஒரு பக்கம், மலையாளத்தில். தோழியும் நானும் உட்கார்ந்து அதை எழுத ஒரு மாலை போதுமா இருந்தது. தமிழிலும் எழுதினோம், பிறகு இந்தியில். கம்பெனி தரவு எதுவும் இல்லாமல், எல்லாருக்கும் தெரிந்த விதிகளும், சூரியன் உச்சிக்கு வரும் நேரமும், தலைசுற்றல் வந்தால் என்ன செய்யணும்ங்கறதும் மட்டும். அது எத்தனை கேம்ப்பில் சுத்துதுன்னு எனக்குத் தெரியாது. என் தீசிஸைப் படிச்சவங்களைவிட அதிகம் பேர் படிச்சிருப்பாங்கன்னு மட்டும் தெரியும்.

நம்ம குழுவுக்கு மூணு வேண்டுகோளோட முடிக்கிறேன்.

முதலாவது, ஆய்வு செய்றவங்க எல்லாரும் உங்க தரவோடு பொருந்தாதுன்னு ஒதுக்கிய ஒரு வாக்கியம் நோட்டில் இருக்கும். கடைசி வாரத்துக்கு முன்னாடியே அதைத் திரும்ப எடுத்துப் பாருங்க. கடைசி வாரத்தில் நமக்கு வசதியான முடிவு மட்டும்தான் கண்ணில் படும். கூடவே கருவியின் கடிகாரத்தையும் பாருங்க.

இரண்டாவது, இங்கே முடிக்கப்படும் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும், அது யாரைப் பற்றியதோ அவங்க மொழியில் ஒரு பக்கம் எழுதணும். மொழிபெயர்க்க நம்மில் தமிழ், சிங்களம், மலையாளம், இந்தி, வங்காளம் தெரிஞ்சவங்க இருக்காங்க.

மூன்றாவது, அடுத்த மாதம் நம்ம குழுவில் இரண்டு தோழர்கள் சமர்ப்பிக்கிறாங்க. ஒருத்தருக்குப் புள்ளியியல் பார்க்க ஆள் வேணும். இன்னொருத்தருக்குக் குழந்தை இருக்கு, மாலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்க ஆள் வேணும். ஷிஃப்ட் பட்டியல் இந்த மடலோட இணைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்க. சனி, ஞாயிறு இரவு ஷிஃப்ட் இரண்டும் காலியா இருக்கு. முதல் பெயர் என்னுடையது.